நீர் வடிந்த நிலமும் சிறகுகளும்

நுழையும்முன்

கோடை என்றதும் வெடித்த குளமும் வாடிய பயிரும் நினைவுக்கு வரும். வெயில் சுடும் அந்த வெற்று நிலத்தைத் தேர்ந்து முட்டையிடும் பறவைகளும் உண்டு. நீர் வடிந்த அணைக்கட்டுகளும் வறண்ட சமவெளிகளும் வேனிற்காலத்தில் காட்டும் பறவை உலகையும், அதனை உற்றுநோக்குவோர் கொள்ள வேண்டிய கவனத்தையும் இப்பாடம் எடுத்துரைக்கிறது.

1934ஆம் ஆண்டு கட்டி முடிக்கப்பட்ட மேட்டூர் அணையின் முழு நீர்மட்டம் 120 அடி. நீர்வரத்துக் குன்றிய ஆண்டுகளின் கோடையில், பண்ணவாடிப் பகுதியில் நீருக்குள் மூழ்கிக் கிடக்கும் நந்தி சிலையும் பழைய கிறித்தவ ஆலயத்தின் கோபுரமும் வெளியே தெரியும். அதைக் காண மக்கள் திரள்வர். செய்தித்தாள்கள் படம் வெளியிடும். நீர் குறைந்ததற்கு அந்த நந்தியே சான்றாகக் காட்டப்படும். ஆனால், அதே நாள்களில் அதே நிலத்தில் நிகழும் மற்றொரு மாற்றம் பலர் கண்ணில் படுவதில்லை. நீர் விலகிய சேற்றுப் பரப்பிலும், மண் திட்டுகளிலும், சரளைக்கற்கள் பரந்த மேடுகளிலும் பறவைகள் வந்து குடியேறுகின்றன. மனிதருக்குப் பற்றாக்குறையின் அடையாளமாகத் தோன்றும் நிலம், அவற்றுக்கு இரைக்களமாகவும் ஈனில்லமாகவும் ஆகிவிடுகிறது.

வேனில் தரும் விருந்து

தமிழ் மரபு இளவேனில், முதுவேனில் என வேனிலை இரண்டாகப் பகுத்தது. பாலைத்திணைக்கு வேனிலைப் பெரும்பொழுதாக வகுத்தது. தொல்காப்பியம் திணைக்குரிய கருப்பொருள்களுள் பறவையையும் சேர்த்துக் கூறியிருப்பது, நிலத்தையும் பறவையையும் பிரிக்காமல் நோக்கிய பழந்தமிழரின் பார்வையைக் காட்டும். நெடிய கால்களையுடைய கணந்துள் என்னும் பறவை, பாலை வழியில் செல்வோரைத் தன் குரலால் எச்சரிப்பதாகச் சங்கப் பாடல்கள் குறிக்கின்றன. அது இன்றைய ஆள்காட்டிப் பறவையே எனக் கருதுவோரும் உளர்.

வேனிலில் நீர்நிலைகளைப் பறவைகள் நாடுவதற்குத் தெளிவான காரணங்கள் உள்ளன. அணை நிறைந்திருக்கும்போது மீன்கள் ஆழத்தில் பரவிக் கிடக்கும். நீர் சுருங்கச் சுருங்க அவை குறுகிய இடத்தில் நெருங்கும். ஆழம் குறைவதால் நாரைகளும் கொக்குகளும் நடந்தே இரை பிடிக்க இயலும். புதிதாக வெளிப்பட்ட சேற்றில் புழுக்களும் நத்தைகளும் பூச்சிகளும் மலிந்திருக்கும். சுற்றியுள்ள சிறு குளங்கள் வற்றிவிடுவதால், எஞ்சிய ஒரு நீர்ப்பரப்பைத் தேடிப் பல திசைகளிலிருந்தும் பறவைகள் வந்து சேரும். பவானியும் மோயாறும் கலக்கும் இடத்தில் அமைந்த பவானிசாகர் அணையின் கரைகளுக்குக் கோடையில் சத்தியமங்கலக் காட்டின் யானைகள் இறங்கி வருவதும் இதே தேவையால்தான்.

நிலமே கூடு

கூடு என்றால் மரக்கிளையும் வைக்கோலும் நினைவுக்கு வருவது இயல்பு. ஆற்று ஆலாவுக்கு அத்தகைய கூடு இல்லை. கருந்தலையும், மஞ்சள் நிற அலகும், கத்தரிபோல் பிளந்த நீண்ட வாலும் உடைய இப்பறவை, அணைகளின் நடுவே வெளிப்படும் தீவுகளிலும் ஆற்று மணல் திட்டுகளிலும் சிறு பள்ளம் பறித்து, இரண்டு அல்லது மூன்று முட்டைகளை இடும். கருநாடகத்தின் பத்ரா நீர்த்தேக்கத்தில், கோடையில் வெளிப்படும் தீவுகளில் ஆற்று ஆலாக்கள் ஆயிரக்கணக்கில் கூடி இனம் பெருக்குகின்றன. நாற்புறமும் நீர் சூழ்ந்திருப்பதால் நரியும் நாயும் அங்கே எளிதில் அணுக இயலாது. நீரே அவற்றுக்கு அரண்.

ஆனால், அந்த அரணே பகையாகவும் மாறக்கூடும். நீர்ப்பிடிப்புப் பகுதியில் பருவத்துக்கு முந்திய மழை பெய்து நீர்மட்டம் உயர்ந்தால் தீவு மூழ்கும். அணையின் மதகு திறக்கப்பட்டால், கீழே ஆற்றின் மணல் திட்டுகளில் உள்ள முட்டைகள் அடித்துச் செல்லப்படும். மாறாக, நீர் அளவுக்கு மீறிக் குறைந்தால் தீவு கரையோடு இணைந்துவிடும். நாய்களும் கால்நடைகளும் உள்ளே நுழையும். ஆகவே, ஆற்று ஆலாவின் ஒரு தலைமுறை, அணையின் நீர்மட்டத்தில் ஏற்படும் சில அடி ஏற்றத்தாழ்வில் ஊசலாடுகிறது.

ஆள்காட்டியின் திறம் வேறு வகையானது. சிவப்பு மூக்கு ஆள்காட்டி நீர்நிலையை ஒட்டியும், மஞ்சள் மூக்கு ஆள்காட்டி நீரிலிருந்து விலகிய வறண்ட வெளியிலும் முட்டையிடும். பெரும்பாலும் நான்கு முட்டைகள், கூரிய முனைகள் உள்நோக்கியிருக்குமாறு சிறு கற்களிடையே கிடக்கும். மண்ணின் நிறமும் முட்டையின் நிறமும் ஒத்திருப்பதால், அருகில் நிற்பவருக்கும் அவை தெரிவதில்லை. வெயில் ஏறும்போது தாயும் தந்தையும் மாறி மாறி முட்டைகளின்மேல் நின்று நிழல் தரும். சில வேளைகளில் நீர்நிலைக்குச் சென்று வயிற்று இறகுகளை நனைத்துவந்து முட்டைகளைக் குளிர்விக்கும். வறண்ட புல்வெளிகளில் வாழும் கல்கௌதாரியோ இன்னும் ஒருபடி மேலே செல்கிறது. ஆண் பறவை தன் வயிற்று இறகுகளில் நீரை ஏந்திப் பறந்துவர, குஞ்சுகள் அவ்விறகுகளை அலகால் கோதி நீர் அருந்தும்.

கோடையின் உடைமாற்றம்

வேனிலில் பறவை நோக்குவோரை வியப்பும் குழப்பமும் ஒருங்கே எதிர்கொள்கின்றன. வயல்வரப்பில் மண்நிறத்தில் ஒடுங்கி நிற்கும் மடையான், இனப்பெருக்கக் காலத்தில் முதுகில் செம்பழுப்பு நிறம் பூண்டு நிற்கும். வெண்மையான உண்ணிக்கொக்கின் தலையும் கழுத்தும் பொன்னிறம் கொள்ளும். அவற்றை முன்பு அறியாத புதிய பறவைகள் எனக் கருதிவிடுவது எளிது.

மீசை ஆலாவைப் பற்றிய பிழை இதனினும் நுட்பமானது. குளிர்காலத்தில் வெளிறியிருக்கும் அதன் வயிறு, வடக்கே திரும்பும் முன்னர்க் கருமை கொள்ளும். அதைக் கண்டவர், அருகிவரும் கருவயிற்று ஆலாவைக் கண்டதாகக் குறித்துவிடக்கூடும். மீசை ஆலாவின் அலகு கருஞ்சிவப்பு; வால் குட்டையானது, பிளவு மிகுதியில்லாதது. கருவயிற்று ஆலாவின் அலகு செம்மஞ்சள். வால் நீண்டு ஆழப் பிளந்தது. அலகையும் வாலையும் நோக்காமல் வயிற்றின் நிறத்தை மட்டும் நம்பினால், இல்லாத பறவை ஏட்டில் இடம்பெற்றுவிடும். அருகிவரும் ஓர் இனம் நலமாக இருப்பதாகத் தவறான நம்பிக்கையும் பிறந்துவிடும்.

எது அரிய காட்சி?

அரிய காட்சி என்பது அரிய பறவையைக் காண்பது மட்டுமன்று. பழகிய பறவையைப் பழகாத நாளில் காண்பதும் அரிய காட்சியே. நடு ஆசியாவில் இனம் பெருக்கும் சூறைக்குருவிகள் பெருங்கூட்டமாகத் தென்னிந்தியாவுக்கு வருபவை. ஏப்ரலில் அவை திரும்பிச் செல்லும். பின்னர் ஜூலை, ஆகஸ்டில் மீண்டும் வரத் தொடங்கும். எனவே, மார்ச்சில் ஆயிரம் சூறைக்குருவிகளைக் காண்பது வழக்கமான செய்தி. ஜூன் நடுவில் ஒன்றைக் காண்பது குறித்துவைக்கத்தக்க செய்தி. பறவையின் பெயருக்கு உள்ள அதே மதிப்பு, பார்த்த நாளுக்கும் உண்டு.

வலசை வந்த கரைப்பறவைகள் எல்லாம் கோடையில் திரும்பிவிடுவதில்லை. முழு வளர்ச்சி பெறாத இளம்பறவைகள் சில, முதல் கோடையை இங்கேயே கழிப்பதுண்டு. கடும்காற்று வீசும் காலத்தில், ஆழ்கடலில் வாழும் பறவைகள் திசைமாறி உள்நாட்டு ஏரிகளுக்கு அடித்துவரப்படுவதும் உண்டு. இவ்வாறு வந்த பறவையைக் காண்பவர் இடம், நாள், நேரம், எண்ணிக்கை, அலகு, கால், வால், குரல் ஆகியவற்றை அங்கேயே எழுதிக்கொள்ள வேண்டும். பின்னர் நினைவிலிருந்து எழுதும்போது, கண்டதோடு காண விரும்பியதும் கலந்துவிடும்.

சிறுவன் ஒருவனின் ஐயம்கூட அறிவியலுக்கு வாயிலாகலாம். தான் வீழ்த்திய சிட்டின் தொண்டையில் மஞ்சள் நிறத்தைக் கண்டு ஐயுற்ற சிறுவன், விடை தேடிப் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குச் சென்றான். அவனே பிற்காலத்தில் இந்தியப் பறவையியலின் பெரும் அறிஞராக விளங்கிய சாலிம் அலி.

எண்பத்தாறு ஆண்டு மறைவு

சமவெளிப் பறவைகளின் வரலாற்றில் மறக்கவியலாத நிகழ்வு ஒன்று உண்டு. 1848ஆம் ஆண்டு ஜெர்டன் என்னும் மருத்துவர் உலகுக்கு அறிமுகப்படுத்திய ஓடுபறவையைத் தெலுங்கு மக்கள் கலிவிக்கோடி என்பர். முட்புதர்களிடையே இரவில் நடமாடும் இப்பறவை, 1900ஆம் ஆண்டுக்குப் பின் அறிஞர் எவர் கண்ணிலும் படவில்லை. அழிந்துவிட்டது என்றே பலரும் கருதினர். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தினர் படங்களைக் காட்டிக் கிராம மக்களிடம் உசாவினர். 1986 ஜனவரியில், ஆந்திரத்தின் கடப்பைப் பகுதியில், உள்ளூர் மக்களின் துணையால் அது மீண்டும் கண்டறியப்பட்டது. நூல்கள் கைவிட்ட பறவையை, அந்த மண்ணில் இரவில் நடந்து பழகியவர்கள் அறிந்திருந்தனர்.

அப்பறவைக்காக அங்கே ஸ்ரீலங்கமல்லேசுவர வனவிலங்குக் காப்பகம் அமைந்தது. எனினும் கதை அங்கே முடியவில்லை. கிருட்டிணை ஆற்று நீரைச் சென்னைக்குக் கொணரும் தெலுங்கு கங்கைத் திட்டத்தின் கால்வாய்ப் பணிகள், அப்பறவையின் புதர்க்காட்டை நெருங்கின. எதிர்ப்பு எழுந்தபின் கால்வாயின் தடம் மாற்றியமைக்கப்பட்டது. பூண்டி நீர்த்தேக்கத்தின் வழியே நகரத்தின் குவளைக்கு வரும் நீருக்கும், தொலைவில் ஒரு முட்புதரின் அடியில் ஒதுங்கும் பறவைக்கும் இடையே இத்தகைய தொடர்பு உண்டு. தண்ணீர் வேண்டும் என்பதும் உண்மை. பறவை வாழ வேண்டும் என்பதும் உண்மை. பறவை எங்கே வாழ்கிறது என்று முன்னரே தெரிந்திருந்தால்தான் இரண்டுக்கும் இடம்தரும் வழியைத் தேட இயலும்.

தெரிந்து தெளிவோம்

செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கல், மக்களால் காக்கப்பட்ட தொன்மையான பறவைப் புகலிடம். பறவைகளைச் சுடுவதற்கு ஊர்மக்கள் எதிர்ப்புத் தெரிவிக்க, 1798ஆம் ஆண்டு அன்றைய ஆட்சியர் லயனல் பிளேஸ் அவர்களது உரிமையை ஏற்றார். பறவைகளின் எச்சம் கலந்த ஏரிநீர் வயலுக்கு நல்லுரம் என்பதை அவ்வூர் உழவர் அறிந்திருந்தனர்.

ஊர் காக்கும் கூடுகள்

திருநெல்வேலி மாவட்டத்தின் கூந்தன்குளம், 1994ஆம் ஆண்டு பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. கூழைக்கடாக்களும் நாரைகளும் குளத்து மரங்களில் மட்டுமன்றி, ஊருக்குள் வீடுகளை ஒட்டிய மரங்களிலும் கூடு கட்டுகின்றன. எச்சமும் ஓசையும் இடையூறாயினும் மக்கள் அவற்றை விரட்டுவதில்லை. ஊருக்கு வந்த விருந்தினராகவே கருதுகின்றனர். கூட்டிலிருந்து விழும் குஞ்சுகளை எடுத்து இரையூட்டி வளர்ப்பதும் அங்குண்டு. இக்குளத்துக்கு நீர் மணிமுத்தாறு அணையிலிருந்து கால்வாய் வழியாக வருகிறது. குஞ்சுகள் வளரும் கோடையில் குளம் வற்றிவிட்டால், பெற்றோர் பறவைகள் இரைதேடி நெடுந்தொலைவு செல்ல நேரும். அணையின் நீர்ப்பகிர்வு, பறவையின் பசியையும் தீர்மானிக்கிறது.

நோக்குவோர் நெறி

கோடையில் பறவை நோக்குவோர் விடியற்காலையிலும் மாலையிலும் களம் செல்வது நலம். நண்பகலில் கூட்டை நெருங்குவது பறவைக்குப் பெருந்தீங்கு. மனிதரைக் கண்டு தாய் எழுந்து பறந்தால், நிழலற்ற முட்டைகள் சிறிது நேரத்திலேயே வெயிலில் கெட்டுவிடக்கூடும். ஆள்காட்டி தலைக்குமேல் வட்டமிட்டுக் கத்துகிறது என்றால், அது வரவேற்பன்று, "இங்கே என் முட்டை இருக்கிறது, விலகிச் செல்" என்னும் வேண்டுகோள். அந்நேரத்தில் எடுக்கப்படும் ஒரு நிழற்படத்தைக் காட்டிலும், பின்வைக்கும் பத்து அடிகள் மேலானவை. கூடு உள்ள இடத்தைப் பலரறியப் பரப்பாமல் இருப்பதும் நோக்குவோரின் கடமை.

ஜூன் 12, காவிரிப் படுகையின் குறுவைச் சாகுபடிக்காக மேட்டூர் அணை திறக்கப்படும் மரபான நாள். உழவர் அந்நாளை எதிர்நோக்கிக் காத்திருப்பர். தென்மேற்குப் பருவமழை வலுக்க நீர்மட்டம் உயரும். நந்தி மீண்டும் மறையும். சேற்றில் பதிந்த கால்தடங்களும் கரையும். அதற்குள் பறக்கக் கற்றுக்கொண்ட குஞ்சுகள் நீரின்மேல் எழும். கற்றுக்கொள்ளாதவை எத்தனை என்பதை, அந்தக் கோடையில் அங்கே நின்று எண்ணி எழுதியவர்களே கூற இயலும்.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊர் நீர்நிலையில் ஏப்ரல், மே மாதங்களில் காணும் பறவைகளை நாள், நேரம், எண்ணிக்கையுடன் பதிவுசெய்து வகுப்பில் படிக்க.

2. உங்கள் பகுதியில் பறவைகளுக்கு வழங்கும் வட்டாரப் பெயர்களை முதியோரிடம் கேட்டுத் தொகுக்க.

3. 'நீர்த்தேக்கம் மனிதருக்கு மட்டும் உரியதா?' என்னும் தலைப்பில் கலந்துரையாடுக.