ஏரி மீனும் வலைக் கட்டுப்பாடும்

ஏரி என்றவுடன் நம் நாட்டார்க்கு நெல்லும் மதகும் வாய்க்காலும் நினைவுக்கு வருகின்றன. மீன் நினைவுக்கு வருவது அரிது. ஆயினும் நீர் தங்கும் மாதங்களிலெல்லாம் நெற்பயிரைப் போலவே மற்றொரு விளைவும் ஏரியினுள் வளர்ந்து வருகிறது. வயலின் விளைவை யார் அறுப்பது, எப்பொழுது அறுப்பது என்பதில் ஐயமில்லை. விதைத்தவனே அறுப்பான், முற்றிய பின்னரே அறுப்பான். நீரின் விளைவுக்கோ இவ்விரண்டும் தெளிவாக அமைவதில்லை. ஆகையால்தான் யார் பிடிக்கலாம், எந்த வலையை வீசலாம், எந்த ஓடத்தை விடலாம், எக்காலத்தில் பிடிக்கலாம் என்னும் விதிகள் வேண்டியவாயின. அவ்விதிகளின் காரணத்தையும், அவை எவ்வாறு நிலைபெறும் என்பதனையும் இக்கட்டுரையில் ஆராய்வோம்.

1. நம் பக்கத்து ஏரிகள்

பெரம்பலூரும் அரியலூரும் முன்னர்த் திருச்சிராப்பள்ளி ஜில்லாவைச் சேர்ந்திருந்தன. 1995இல் பெரம்பலூர் தனி ஜில்லாவாயிற்று. அதினின்று ஒருமுறை பிரிந்து மீண்டும் சேர்ந்த அரியலூர், 2007இல் நிலையாகத் தனியாயிற்று. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் இடைப்பட்ட இந்நிலப்பகுதி மழையை நம்பியது. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் வடகிழக்குப் பருவமழையை ஏரிகளிலே தேக்கிவைத்தே நம் முன்னோர் பயிர் செய்தனர். கங்கைகொண்ட சோழபுரத்தருகே முதலாம் இராஜேந்திர சோழன் அமைத்த சோழகங்கம் இன்று பொன்னேரி என வழங்குகிறது. கங்கைப் படையெடுப்பின் வெற்றிக்கு நீராலாகிய ஜயஸ்தம்பம் என அதனைத் திருவாலங்காட்டுச் செப்பேடு போற்றுகிறது.

இத்தகைய ஏரிகளின் மீனையும் நம் முன்னோர் மறந்தாரல்லர். இடைக்காலச் சாசனங்களிலே பாசிப்பாட்டம் என்றொரு சொல் காணப்படுகிறது. ஏரியில் மீன் பிடிக்கும் உரிமைக்காகச் செலுத்தப்படும் பாட்டமே அது. அவ்வருமானத்தை ஏரியின் தூர் வாருவதற்கும் கரையைப் பழுது பார்ப்பதற்கும் ஊரார் ஒதுக்கிவைத்த இடங்களும் உண்டு. மீனுக்கு இடந்தந்த ஏரியை மீனின் வருவாயே காத்தது என்பது இதனால் விளங்கும். இன்றும் நம் கிராமங்களில் ஏரி மீன் ஏலத்தை மீன்பாசிக் குத்தகை என்றே ஜனங்கள் கூறுகின்றனர். சொல் நிலைத்தது, ஏரியும் வருவாயும் ஒன்றையொன்று தாங்கிய அந்த ஏற்பாடு பல ஊர்களில் நிலைக்கவில்லை.

2. மீனின் இயல்பு

விதியின் காரணத்தை அறிய வேண்டின், முதலில் மீனின் வாழ்க்கையை அறிதல் வேண்டும். ஏரி மீன்களை இருவகையாகப் பிரிக்கலாம். விரால், குரவை, கெளுத்தி முதலியன இந்நாட்டு நீர்நிலைகளிலே தாமே இனம் பெருக்குவன. அவற்றுள் விரால், தாயும் தந்தையுமாகத் தம் குஞ்சுகளைக் காத்து நிற்பது. குஞ்சுகள் சிவந்த கூட்டமாக நீரின் மேல் வரும்பொழுது, அவற்றின் கீழே பெற்றவை காவல் நிற்கும். அச்சமயத்தில் பெரிய மீனைப் பிடிப்பவன் ஒரு மீனையன்று, ஒரு குடும்பத்தையே அழிக்கிறான்.

கட்லா, ரோகு, மிர்கால் என்பன வட இந்திய ஆறுகளுக்குரிய கெண்டையினங்கள். இவை ஓடும் ஆற்று நீரில் முட்டையிடுமேயன்றித் தேங்கிய ஏரி நீரில் இயல்பாக இனம் பெருக்குவதில்லை. ஆகவே இவற்றின் குஞ்சுகளை வேறிடத்தில் உண்டாக்கி ஏரியில் விடுகின்றனர். இவ்வகை மீனுக்கு வலைக் கட்டுப்பாடு இனப்பெருக்கத்துக்காக அன்று, வளர்ச்சிக்காகவே வேண்டும். விரலளவில் விட்ட குஞ்சைக் கையளவில் பிடித்தால் விட்டவனுக்கும் நஷ்டம், உண்பவனுக்கும் பயனில்லை. சில மாதங்கள் பொறுத்தால் அதே குஞ்சு பன்மடங்கு எடையுள்ள மீனாகும்.

மற்றொன்றும் அறியத்தக்கது. புதுவெள்ளம் வரும்பொழுது பல மீன்கள் நீரோட்டத்தை எதிர்த்துக் கலிங்கு வழியாகவும் வாய்க்கால் வழியாகவும் ஏறிச் செல்லும். புல் மூடிய ஆழமற்ற நீரே அவை முட்டையிடும் இடம். அவ்வழியிலே மூங்கிற் பறியை வைப்பவனுக்கு உழைப்பின்றி மிகுந்த மீன் கிடைக்கும். ஆனால் அவன் பிடிப்பது சினைமீன். ஒரு நாளைய இலாபத்துக்காக மறு ஆண்டின் முதலையே அவன் உண்டுவிடுகிறான்.

3. கருவிகளும் அவற்றின் குணமும்

தூண்டில் ஒரு மீனை ஒருமுறை பிடிப்பது. வீச்சு வலை ஓராள் கைவலிமைக்கு உட்பட்டது. செவுள்வலை நீரிலே திரைபோல் நிற்க, அதனூடே நுழைய முயலும் மீன் செவுளில் மாட்டிக்கொள்ளும். இதற்கு ஒரு தனிக் குணம் உண்டு. கண்ணினும் சிறிய மீன் எளிதில் நுழைந்து சென்றுவிடும். மிகப் பெரியது தலை நுழையாமல் திரும்பிவிடும். இடைப்பட்ட அளவினதே அகப்படும். ஆகையால் வலைக் கண்ணின் அளவை நிர்ணயிப்பவர் எந்த வயது மீன் சாக வேண்டும், எது பிழைக்க வேண்டும் என்பதையே நிர்ணயிக்கின்றனர். இழுவலையோ பலர் சேர்ந்து கரைநோக்கி இழுப்பது. அதன் கண் நெருக்கமாயிருப்பின் குஞ்சும் முட்டையிடும் தாயும் ஒருங்கே கரையேறும். கொசுவலையைக் கொண்டு ஏரியை அரிப்பவர் செய்கை இதனினும் கொடியது.

ஓடத்தைப் பற்றியும் ஒன்று கூறவேண்டும். கரையில் நின்று வலை வீசுபவன் கரையோரத்தையே அணுகுவான். பரிசலேறியவன் ஏரி முழுவதையும் அணுகுவான். 1934இல் கட்டி முடிந்த மேட்டூர் அணையின் ஸ்டான்லி நீர்த்தேக்கத்திலே பரிசல்களில் சென்று செவுள்வலை விரிப்பதே வழக்கம். உரிமம் பெற்றோர்க்கே அங்கு அனுமதி. பரந்த நீர்ப்பரப்பில் ஒவ்வொரு வலையையும் அளந்து பார்ப்பது அரிது. பரிசல்களை எண்ணுவது எளிது. ஆதலின் ஓடத்துக்கு விதிக்கும் வரம்பு, உண்மையில் மொத்தப் பிடிப்புக்கு விதிக்கும் வரம்பேயாகும்.

4. சட்டம் கூறுவது

சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டிலேயே இவ்விஷயம் சர்க்காரின் கவனத்துக்கு வந்தது. சென்னை இராணுவத்தில் வைத்தியராயிருந்த பிரான்சிஸ் டே என்பவர், இந்தியா, பர்மா ஆகிய நாடுகளின் நன்னீர் மீன்களைப் பற்றி 1873இல் விரிவான அறிக்கையொன்று வெளியிட்டார். சிறு கண் வலைகளும் நீர்வழிகளில் வைக்கும் பொறிகளும் குஞ்சுகளை அழிப்பதையும், ஆற்றணைகள் கடலிலிருந்து ஏறிவரும் உல்லம் போன்ற மீன்களைத் தடுப்பதையும் அவர் எடுத்துக்காட்டினார்.

பின்னர் 1897இல் இந்திய மீன்வளச் சட்டம் இயற்றப்பட்டது. வெடிமருந்தையோ விஷத்தையோ நீரிலிட்டு மீனைக் கொல்வதை அது குற்றமாக்கிற்று. மாகாண சர்க்கார் தாம் தேர்ந்த நீர்நிலைகளில் நிலைத்த பொறிகளை அமைத்தல், தடுப்புக் கட்டுதல், வலைகளின் வகை, அளவு, பயன்படுத்தும் முறை ஆகியவற்றைப் பற்றி விதிகள் செய்யலாம் என்றும், குறித்த நீரில் இரண்டாண்டுக்கு மேற்படாமல் மீன்பிடித்தலையே நிறுத்திவைக்கலாம் என்றும் அதிகாரம் தந்தது. மண்ணில் ஊன்றியோ வேறு வகையில் அசையாமல் நிறுத்தியோ வைக்கும் வலை, கூடு, பொறி யாவும் நிலைத்த பொறி எனப்படும். கலிங்கில் வைக்கும் பறியும் இவ்விலக்கணத்துள் அடங்கும் என்பதை வாசகர் கவனிக்க.

இச்சட்டம் சுருக்கமானது, ஓடங்களைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. தமிழ்நாட்டில் ஓடங்களை வரையறுத்த சட்டம் கடலைப் பற்றியது. 1983ஆம் ஆண்டின் கடல் மீன்பிடிப்பு ஒழுங்குமுறைச் சட்டத்தின்படி, கரையினின்று மூன்று கடல் மைல் வரையுள்ள நீர் இயந்திரமில்லாத ஓடங்களுக்கென ஒதுக்கப்பட்டது. வலியோன் எளியோனது நீரைக் கவராதிருத்தலும் கருவி விதியின் நோக்கம் என்பது அதனால் பெறப்படும்.

5. குத்தகையும் விதியும்

சட்டம் இருக்க, வெடியும் நஞ்சும் நெருக்கமான வலையும் ஏன் ஒழியவில்லை? குத்தகையின் தன்மையை நோக்கினால் விடை கிடைக்கும். குறுகிய காலத்துக்கு ஏரியை ஏலமெடுத்தவனுக்கு, அடுத்த ஆண்டும் அவ்வேரி தன்னிடம் இருக்கும் என்னும் உறுதியில்லை. அவன் விட்டுவைக்கும் சிறு மீன் மற்றொருவனுக்குப் போகும். எனவே கரண்டளவு நீர் எஞ்சும் வரை அரித்தெடுப்பதே அவனுக்கு அறிவாகத் தோன்றுகிறது. அவனைப் பேராசைக்காரன் எனப் பழிப்பது எளிது. ஆனால் ஏற்பாடே அவனை அவ்வாறு செய்யத் தூண்டுகிறது. கூலிக்கு வலையிழுக்கும் மீனவனுக்கோ எந்தக் கண் வலையை இழுப்பது என்று சொல்லும் உரிமையே இல்லை. பாசனக்காரர்களுக்கும் இதில் பங்கு உண்டு. நெற்பயிருக்கு மதகைத் திறக்க வேண்டுமென்று அவர்களும், மீனுக்கு நீர் நிற்க வேண்டுமென்று குத்தகைதாரனும் வாதிடுவது நாம் அறிந்ததே. ஆகவே குத்தகையின் கால அளவும், மதகடியில் நிறுத்த வேண்டிய நீரின் அளவும் எழுதப்படாத வலை விதிகள் என்றே கொள்ளவேண்டும்.

6. பழவேற்காட்டுப் பாடு

இதற்கு மாறான ஏற்பாட்டைக் காணத் தமிழகத்தின் வடகோடிக்குச் செல்லவேண்டும். தமிழ்நாட்டுக்கும் ஆந்திரத்துக்கும் பொதுவான பழவேற்காட்டு ஏரி, உவர்நீர் ஏரிகளுள் ஒரிஸ்ஸாவின் சில்காவுக்கு அடுத்துப் பெரியது. அங்கே இறால் பிடிக்கச் சிறந்த இடங்கள் சிலவே. அவ்விடங்களுக்காகச் சண்டையிடாமல், பட்டினவர் குலத்து மீனவர் சீட்டுப் போட்டு முறைவைத்துப் பிடிக்கும் வழக்கத்தைப் பாடு என்கின்றனர். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்ன வகை வலையை, இன்னார் கட்டலாம் என்று ஊரே வரையறுக்கிறது; மீறினவனை ஊரே விசாரிக்கிறது. எழுதிய சட்டத்தைக் காட்டிலும் அண்டை ஓடக்காரனது கண் கூர்மையானது.

இவ்வழக்கத்தைக் குறையற்றதெனப் புகழ்வதற்கில்லை. பாட்டில் பங்கு பிறப்பினால் வருவது. அக்குலத்தைச் சேராத மீனவர்க்கும், கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர்க்கும் அதில் இடமில்லை. அதனால் பூசல்களும் எழுந்துள்ளன. நாம் கற்கவேண்டியது குல உரிமையையன்று. பிடிப்பவனே விதியைச் செய்து காப்பவனாகவும் இருக்கும் முறையையே.

7. ஓர் அயல்நாட்டுப் பாடம்

பிடிப்பவர்க்குப் பங்கில்லாத விதி என்னவாகும் என்பதை ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரி காட்டுகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே செவுள்வலை புகுந்தது. 1927, 1928ஆம் ஆண்டுகளில் மைக்கேல் கிரஹாம் என்னும் ஆராய்ச்சியாளர் ஏரியைச் சோதித்து, ஐந்து அங்குலத்துக்குக் குறைந்த கண்ணுடைய வலையை விலக்க வேண்டுமென்றார். விதி ஏற்கப்பட்டது. ஆயினும் பெரிய மீன் குறையக் குறைய, மீனவர் சிறிய கண்ணுடைய வலையை நாடினர். காவல் செய்வாரோ சிலர், கரையோ மிக நீண்டது. 1950களிலும் அதனையடுத்தும் கரையிலுள்ள நாடுகள் ஒன்றன்பின் ஒன்றாக அவ்விதியைக் கைவிட்டன. அந்நாட்டார் விரும்பியுண்ட ங்கேகே என்னும் மீன் அருகிப்போயிற்று. கிரஹாமின் கணக்கு தவறன்று. அதனைத் தமதெனக் கொண்டு காப்பார் இல்லாமற் போனதே குறை.

8. கரைவெட்டியும் புதிய பங்காளிகளும்

நம் பக்கத்துக்கு மீள்வோம். அரியலூர் ஜில்லாவிலுள்ள கரைவெட்டி ஏரி, காவிரி நீரைக் கொணரும் புள்ளம்பாடி வாய்க்காலால் நிரம்புவது. ஏறத்தாழ 454 ஹெக்டேர் பரப்புள்ள இதனை 1999இல் பறவைச் சரணாலயமாக்கினர். 2024இல் இது ராம்சர் உடன்படிக்கையின் ஈரநிலங்களுள் ஒன்றாகவும் சேர்க்கப்பட்டது. இமயத்துக்கு அப்பாலிருந்து வரித்தலை வாத்துகள் இவண் வந்து குளிர்காலத்தைக் கழிக்கின்றன. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் சரணாலயத்துள் அனுமதியின்றி எதனையும் எடுப்பதைத் தடுக்கிறது. ஆதலின் உழவர், மீனவர் என்னும் இரு பங்காளிகளோடு பறவை என்னும் மூன்றாவது பங்காளியும் இவ்வேரிக்கு உண்டாயிற்று. நீருக்குள் மூழ்கி இரைதேடும் பறவைக்குச் செவுள்வலை மீனுக்குப் போலவே பொறியாகும். ஓடத்தின் ஓசை தங்கிய கூட்டத்தைக் கலைக்கும். வலையும் ஓடமும் மீனை மட்டும் தீண்டுவனவல்ல என்பதை இவ்வேரி நமக்குக் கற்பிக்கிறது.

9. முடிவு

இதுவரை கூறியவற்றால் ஒன்று தெளிவாகும். வலைக் கண்ணின் அளவை எழுதிவைப்பது எளிது. அவ்வளவைக் காப்பதற்கான காரணத்தை மீன்பிடிப்போனுக்கு உண்டாக்குவதே அரிது. காரணமின்றி விதி மட்டும் இருந்தால், விக்டோரியாவில் நேர்ந்ததே நம் ஏரிகளிலும் நேரும். குத்தகை பல ஆண்டுகளுக்கு இருத்தல், வலையிழுப்போர் சங்கமாகவே அதனைப் பெறுதல், புதுவெள்ளக் காலத்தில் கலிங்கிலும் வாய்க்காலிலும் பறி வையாதிருத்தல், கோடையில் ஒரு பள்ளத்திலேனும் தாய்மீனுக்கு நீர் நிறுத்துதல், வருவாயில் ஒரு பங்கு பழைய பாசிப்பாட்டம் போல் ஏரிக்கே செலவாதல் ஆகிய இவை பெரும் பொருட்செலவு வேண்டாதவை. ஊரார் ஒருமனப்பட்டால் செய்யத்தக்கவை.

நம் மாணவர் பலர் ஏரிக்கரைக் கிராமங்களிலிருந்து வருபவர். நாளை அவருள் சிலர் ஊராட்சியில் அமர்வர். சிலர் சர்க்கார் உத்தியோகத்தில் ஏலப் பத்திரங்களில் கையெழுத்திடுவர். சிலர் நிலத்தையே உழுவர். ஏலத் தொகை எவ்வளவு என்று கேட்பதோடு நில்லாமல், எந்த வலை, எத்தனை ஓடம், எத்தனை ஆண்டு என்றும் அவர்கள் கேட்பார்களாயின் இக்கட்டுரையின் பயன் நிறைவேறும்.