வழியில் தங்கும் முறை



தைப்பூசத்திற்குப் பத்துமலைக்கோ, பினாங்குத் தண்ணீர்மலைக்கோ, ஈப்போ கல்லுமலைக்கோ குடும்பத்தோடு செல்வோர் மண்டபத்தில் ஓர் இரவைக் கழிக்கின்றனர். கல்விச் சுற்றுலா செல்லும் பிள்ளைகள் முன்பின் அறியாத அறையில் உறங்குகின்றனர். ஆறாம் ஆண்டை முடித்துப் படிவம் ஒன்றுக்குச் செல்வோருள் சிலர் விடுதியில் தங்கிப் பயில வேண்டியுள்ளது. விடுதியில் சேர்ந்த முதல் வாரத்திலேயே பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீடு திரும்பிவிடும் பிள்ளைகளும் உண்டு. பாடம் கடினமாக இருந்ததால் அவர்கள் திரும்பவில்லை. வெளியிடத்தில் தங்கிப் பழகாததால் திரும்பினார்கள். ஆகவே, தங்குவதும் கற்றுக்கொள்ள வேண்டிய ஒரு பாடமே ஆகும்.

முன்னோர் காட்டிய வழி

தமிழ்நாட்டில் இராமேசுவரம் செல்லும் வழிப்போக்கர்களுக்காகத் தஞ்சை மராட்டிய மன்னர்கள் சத்திரங்கள் பல கட்டினர். ஒரத்தநாட்டில் இரண்டாம் சரபோசி மன்னர் அமைத்த முத்தம்மாள் சத்திரம் அவற்றுள் ஒன்று. அங்கே வந்தவர்க்கு உணவும் உறைவிடமும் கிடைத்தன. ஆயினும் பாயும் போர்வையும் பாத்திரமும் வழிப்போக்கரின் மூட்டையில் இருந்தன.

நம் முன்னோருள் பலர் இந்நாட்டிற்குக் கப்பலில் வந்தவர்கள். 1926 ஆம் ஆண்டில் கட்டப்பெற்ற ‘ரஜூலா’ கப்பல் சென்னை, நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என ஓடியது. ஏழை மக்கள் அதன் மேல்தளத்தில் பாய் விரித்துப் படுத்தனர். ஒரு பாயின் அளவே ஒரு குடும்பத்தின் வீடு. இறங்கிய பின்னும் நோய்த்தடுப்பு முகாமில் காத்திருக்க வேண்டியிருந்தது. பினாங்கை அடுத்த ஜெரஜாக் தீவில் அத்தகைய முகாம் ஒன்று இருந்தது.

பின்னர் அவர்கள் குடியேறிய லயத்து வீடுகளும் சொந்த வீடுகள் அல்ல. வேலையோடு வந்து வேலையோடு போனவை. அதை அறிந்தும் அவர்கள் வாசலைத் தெளித்துக் கோலமிட்டனர். பின்புறத்தில் முருங்கையும் கறிவேப்பிலையும் நட்டனர். தமக்குச் சொந்தமில்லாத இடத்தையும் தம் ஒழுங்கால் வீடாக்கிக்கொண்டனர். நாம் கற்க வேண்டிய பாடம் இதுவே.

முதல் இரவு

புதிய இடத்தில் முதல் இரவு உறக்கம் வாராமை கோழைத்தனம் அன்று. 2016 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதற்கு ஒரு காரணம் கண்டனர். அறியாத இடத்தில் உறங்கும் முதல் இரவில், மூளையின் இடப்பாதி வலப்பாதியைப் போல் ஆழ்ந்து உறங்குவதில்லை. அது சிறு ஓசையையும் கவனித்துக் காவல் காக்கிறது. இடம் பழகியதும் அக்காவல் தளர்கிறது.

எனவே, முதல் இரவை வைத்து எந்த இடத்தையும் எடை போடாதீர்கள். வீட்டில் நாள்தோறும் பயன்படுத்தும் போர்வையையோ தலையணை உறையையோ உடன் கொண்டு செல்லுங்கள். வீட்டில் படுக்கும் நேரத்திலேயே படுங்கள். பல் துலக்குதல், முகம் கழுவுதல், இறைவணக்கம் என வீட்டில் செய்யும் வரிசையை அங்கும் மாற்றாதீர்கள். பழகிய செயல்கள் மனத்திற்கு அமைதி தரும்.

தரையும் குளிரும்

கேமரன் மலையிலுள்ள தானா ராத்தா கடல் மட்டத்திலிருந்து 1,400 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் உள்ளது. 100 மீட்டர் ஏறினால் வெப்பம் ஏறத்தாழ 0.6 பாகை குறையும். நம் தோட்டத்தில் இரவு 24 பாகை என்றால், அங்கே ஏறக்குறைய 15 அல்லது 16 பாகையே இருக்கும். கைலியும் மெல்லிய சட்டையும் அங்குப் போதா.

சிமெந்துத் தரை உடலின் சூட்டை விரைவாக ஈர்த்துக்கொள்ளும். பாய்க்கு அடியில் அட்டையையோ பழைய செய்தித்தாள்களையோ பல மடிப்பாக விரித்தால் குளிர் ஏறாது. அவற்றினிடையே தங்கும் காற்று சூட்டை எளிதில் கடத்தாததே காரணம். இதே முறையில், தடித்த உடை ஒன்றைவிட மெல்லிய உடைகள் இரண்டு மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது நன்று.

இடத்தை அறிதலும் ஒழுங்கு செய்தலும்

தங்குமிடம் சேர்ந்தவுடன் விளையாட ஓடக்கூடாது. குடிநீர் எங்கே, கழிவறை எங்கே, ஆபத்து நேர்ந்தால் வெளியேறும் வழி எங்கே என்னும் மூன்றையும் வெளிச்சம் இருக்கும்போதே பார்த்துக்கொள்ள வேண்டும். கைவிளக்கைத் தலைமாட்டில் வைக்க வேண்டும். ஒரு கயிறும் சில கவ்விகளும் இருந்தால் ஈரத்துணி காய்ந்துவிடும். அழுக்குத்துணிக்குத் தனிப்பை வேண்டும். பொருளுக்கு ஓர் இடம் வைத்துவிட்டால் பாதிக் கவலை தீர்ந்துவிடும்.

குடிநீரில் ஐயம் இருந்தால் நன்கு கொதிக்க வைத்து ஆற்றிக் குடிக்க வேண்டும். டிங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசு பகலிலேயே கடிக்கும். தேங்கிய தெளிந்த நீரில் முட்டையிடும். ஆதலால் வாளியில் நீரைத் தேக்கி வைக்காதீர்கள். கொசுவர்த்திச் சுருளைப் பாய்க்கும் துணிக்கும் அருகில் கொளுத்தாதீர்கள். கைப்பேசிகள் பலவற்றை ஒரே மின்செருகியில் அடுக்கி மாட்டுவதும் தீ விபத்துக்கு வழி கோலும்.

உடன் தங்குவோர்

ஒரு மண்டபத்தில் நூறு பேர் தங்கினால் நூறு பேரின் வசதியும் ஒருவர் கையில் உள்ளது. பின்னிரவில் உரக்கப் பேசுபவர் ஒருவரே போதும், அனைவரின் உறக்கமும் கெடும். குளியலறையில் வரிசையை மதியுங்கள். முதியவர்க்கும் கைக்குழந்தை உள்ள தாய்க்கும் சுவரோர இடத்தை விட்டுக்கொடுங்கள்.

புறப்படும்போது தரையைப் பெருக்கி, குப்பையைக் கட்டி, விளக்கையும் குழாயையும் அடைத்துவிட்டு வாருங்கள். “தோட்டத்துப் பிள்ளைகள் தங்கிய அறையா இது!” என்று பிறர் வியக்க வேண்டும். அடுத்த ஆண்டு நம் பள்ளிக்கு அக்கதவு மீண்டும் திறப்பதும் திறவாததும் உங்கள் துடைப்பத்தில் இருக்கிறது.

பெற்றோர்க்கு ஒரு சொல்

விடுதிக்குப் போகவிருக்கும் பிள்ளைக்குத் தன் துணியைத் தானே துவைக்கவும், தன் பாயைத் தானே சுருட்டவும் இப்பொழுதே பழக்குங்கள். முதல் இரவு அழுதுகொண்டே தொலைபேசியில் அழைத்தால், “வந்துவிடு” என்று உடனே சொல்லிவிடாதீர்கள். “நாளையும் பேசுவோம், சாப்பிட்டாயா?” என்று கேளுங்கள். அதே வேளையில், நோயோ பிறர் செய்யும் கொடுமையோ காரணமாயின் காலம் தாழ்த்தாது விடுதிப் பொறுப்பாளரை அணுகுங்கள். பொறுத்துக்கொள்ள வேண்டியது எது, பொறுக்கக் கூடாதது எது என்பதைப் பிரித்தறிந்து சொல்வது பெற்றோர் கடமை.

பயிற்சி

1. தானா ராத்தாவில் இரவு வெப்பம் குறைவாக இருப்பது ஏன்? கணக்கிட்டுக் காட்டுக.
2. புதிய இடத்தில் முதல் இரவு உறக்கம் வாராததற்குக் காரணம் யாது?
3. உங்கள் பாட்டனோ பாட்டியோ வேற்றூரில் தங்கிய அனுபவத்தைக் கேட்டறிந்து, பத்து வரிகளில் எழுதுக.