ஈட்டி மரமும் கிடார் காசும்

எழுமலையில் நின்று மேற்கே பார்த்தால் சாப்டூர் மலை தெரியும். "இந்த மலைத்தொடர்ல இருக்கிற ஈட்டியை வச்சுத்தான்ப்பா அமெரிக்காக்காரன் கிடார் செய்றான். ஒரு மரம் இருந்தா போதும், கோடீஸ்வரன்" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால் மறுப்பதற்கு ஆள் இருக்காது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதியைத்தான் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

நம்பிக்கை: கிடாரின் விலை மரத்தின் விலை.

1960-கள் வரை உயர்ந்த ரகக் கிடார்களின் முதுகும் பக்கங்களும் பெரும்பாலும் பிரேசில் ரோஸ்வுட்டில், அதாவது அந்நாட்டு ஈட்டி வகையில்தான் இருந்தன. பிரேசில் உருட்டு மரமாக ஏற்றுமதி செய்வதை நிறுத்தியதும், 1833-இல் தொடங்கிய மார்ட்டின் நிறுவனம் தன் புகழ்பெற்ற டி-28 கிடாரை 1969-இல் தென்னிந்திய ஈட்டிக்கு மாற்றியது. அன்றிலிருந்து நீலகிரி, வயநாடு, குடகு பக்கத்து மரங்களுக்கு உலகச் சந்தை. காட்டு மரம் மட்டுமல்ல, காப்பித் தோட்டங்களில் நிழலுக்கு நின்ற மரங்களும் இதில் சேர்த்தி. வனத்துறை டிப்போக்களில் ஏலம் விடுவார்கள், மில்லில் அறுப்பார்கள், துண்டுகளாகத்தான் கப்பல் ஏறும்.

ஒரு கிடாரின் முதுகைத் திருப்பிப் பாருங்கள். நடுவில் ஒரு கோடு ஓடும். ஒரே பலகையை இரண்டாகப் பிளந்து, புத்தகம் விரித்தாற்போல ஒட்டியிருப்பார்கள். பெரிய கிடாருக்கு ஒவ்வொரு பாதியும் சுமார் 8 அங்குல அகலம் வேண்டும், இழைத்த பிறகு கனம் மூன்று மில்லிமீட்டர்கூட இராது. வெள்ளை கலக்காத வைரக் கட்டையில், ரேகை நேராக விழும்படி ஆரவாக்கில் அறுத்தால்தான் அது தேறும். அப்படியானால் மரத்தின் குறுக்களவு ஒன்றரை அடிக்கு மேல் இருந்தாக வேண்டும். தாத்தா நட்டிருந்தால் பேரன் விற்கலாம். தமிழ்நாட்டில் 1994-இல் வந்த ஈட்டி மரப் பாதுகாப்புச் சட்டமோ சொந்தப் பட்டா நிலத்து மரத்தையே அனுமதியில்லாமல் வெட்டக் கூடாது என்றது. எழுமலைக் கரிசலில் ஈட்டிக்கன்று நட்டுக் கிடார் கம்பெனிக்காரனை எதிர்பார்ப்பவர்களுக்கு என் அனுதாபங்கள்.

மில்காரருக்குக் கிடைப்பது துண்டுக்கான காசு. அதற்கு மேல் ஏறுவதெல்லாம் வேலைக்கூலி, கடைக்காரர் லாபம், விளம்பரம், எல்லாவற்றுக்கும் மேலே தலைப்பகுதியில் பொறித்த பெயர். இன்னொன்று: சில ஆயிரம் ரூபாய்க்கு வாங்கும் கிடாரின் முதுகு 'ரோஸ்வுட்' என்று எழுதியிருந்தால், பெரும்பாலும் அது பிளைவுட்டின் மேல் ஒட்டிய மெல்லிய தோல்தான்.

நம்பிக்கை: நம்ம ஈட்டியைக் கடத்தி கிப்சன் கம்பெனி மாட்டிக்கொண்டது.

2011 ஆகஸ்ட் 24-ஆம் தேதி நாஷ்வில், மெம்ஃபிஸ் நகரங்களில் கிடார் செய்யும் கிப்சன் ஆலைகளுக்குள் அமெரிக்க அதிகாரிகள் நுழைந்தது உண்மை. இந்திய ஈட்டியும் கருங்காலியும் கட்டுக்கட்டாகப் பறிமுதலானதும் உண்மை. ஆனால் வழக்கு மரத் திருட்டைப் பற்றியதல்ல, கனத்தைப் பற்றியது. ஃபிங்கர்போர்டுக்கான, அதாவது கழுத்தின் மேல் விரல் பதிக்கும் பலகைக்கான, அந்தப் பட்டைகள் சுமார் 10 மில்லிமீட்டர் கனம். ஆறு மில்லிமீட்டருக்கு மேற்பட்டால் சுங்கக் கணக்கில் அது 'அறுத்த மரம்'. அதை இந்தியாவிலிருந்து அனுப்பத் தடை. 'இசைக்கருவியின் பாகம்' என்று எழுதினால் தடையில்லை. ஒரே பட்டை எந்தக் குறியீட்டில் போகிறது என்பதுதான் தகராறு. பிற நாட்டுச் சட்டத்தை மீறி வந்த மரம் அமெரிக்காவிலும் குற்றம் என்று 2008-இல் அவர்கள் சட்டத்தைத் திருத்தியிருந்தார்கள்.

2012-இல் சமரசம் ஆனது. கிப்சன் கட்டிய 3 லட்சம் டாலர், மடகாஸ்கர் கருங்காலி தொடர்பானது. அதற்காக 2009-இலேயே ஒரு சோதனை நடந்திருந்தது. நம் நாட்டுப் பட்டைகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள்.

செம்மரத்தையும் இதோடு சேர்த்துக் குழப்புகிறவர்கள் உண்டு. சேஷாசலத்துச் செம்மரத்துக்குப் பெரிய சந்தை சீன மரச்சாமான்கள். இசைக்கருவி என்றால் ஜப்பானின் ஷாமிசென் வாத்தியக் கழுத்து. கிடார் அல்ல.

நம்பிக்கை: ஈட்டிக் கிடாருக்கு உலகத் தடை.

தடை அல்ல, காகிதம். 2017 ஜனவரி 2 முதல் ஈட்டி இனம் ஏறக்குறைய முழுவதும், அருகிவரும் உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் வந்தது. விற்பனைக்காக எல்லை தாண்டும் ஈட்டிக் கிடாருக்கெல்லாம் அனுமதிச் சீட்டு என்றதும், ஃபெண்டர் நிறுவனம் தன் மெக்ஸிகோ ஆலைக் கிடார்களில் ஈட்டியை விட்டு பாவ் ஃபெரோ என்ற தென்னமெரிக்க மரத்துக்குத் தாவியது. 2019 நவம்பரில், செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு வந்தது. மரம் நன்றாக ஒலிக்கிறதா என்று யாரும் கேட்கவில்லை, சீட்டு வாங்கும் செலவு கட்டுபடியாகுமா என்றுதான் பார்த்தார்கள்.

நம்பிக்கை: கிடாரை வாங்க ஆளில்லாமல்தான் கிப்சன் திவாலானது.

2018 மே 1-ஆம் தேதி திவால் மனு போட்டபோதும் அது ஆண்டுக்கு 1,70,000-க்கு மேல் கிடார் விற்றுக்கொண்டிருந்தது. 2,000 டாலருக்கு மேற்பட்ட எலெக்ட்ரிக் கிடார்களில் பத்துக்கு நான்கு அதனுடையவை. கவிழ்த்தது கிடார் அல்ல; 2014-இல் பிலிப்ஸின் ஆடியோ வியாபாரத்தை 13.5 கோடி டாலருக்கு வாங்கிய ஆசை. கடன் 50 கோடி டாலர் வரை போனது. தெரிந்த தொழிலை விட்டுவிட்டு ரியல் எஸ்டேட்டில் கைவைத்துக் கடையை மூடிய ஜவுளிக்காரர்களை மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

நம்பிக்கை: பெயர் போட்டிருக்கிறவர்தான் செய்திருக்கிறார்.

ஐபானெஸ் என்ற பெயர் ஸ்பானியமாகத் தோன்றும். உரிமையாளர் ஜப்பானின் ஹோஷினோ காக்கி. கணிசமான கிடார்களைச் செய்து கொடுப்பவர்கள் ஒப்பந்த ஆலைக்காரர்கள். இந்தோனேசியாவில் ஆலை வைத்திருக்கும் கொரியாவின் கோர்ட் அவர்களில் ஒருவர். சீனாவின் குய்சோ மாகாணத்தில் ஜெங்கான் என்றொரு மலை வட்டாரம். பிழைப்புக்காகக் குவாங்சோ ஆலைகளுக்குப் போய்க் கிடார் செய்யக் கற்றவர்கள், 2013 வாக்கில் ஊர் திரும்பி ஆலை வைத்தார்கள். இன்று ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேல் கிடார் அங்கிருந்து போகிறது, அவற்றில் பலவும் வேறு யாருடைய பெயரிலோ. திருப்பூருக்குப் பஸ் ஏறும் நம்ம பிள்ளைகள் தைக்கிற பனியனிலும் அவர்கள் பெயர் இருப்பதில்லை.

இந்தியாவில் நெடுங்காலமாகக் கல்கத்தாதான் மலிவுக் கிடாரின் ஊர். 'கிவ்சன்' அங்கிருந்து வருவதே. யமஹா சென்னைக்கு அருகே ஆலை கட்டப்போவதாக 2017-இல் அறிவித்தபோது, கீபோர்டுடன் கிடாரும் பட்டியலில் இருந்தது. 2019-இல் ஆலை ஓடத் தொடங்கியது. அங்கே வேலைக்குச் சேர மரம் இருக்க வேண்டியதில்லை.