புள்ளிக் கோலத்தில் வடிவியல்

வடிவியல் வரையறையிலும் காம்பஸ் பெட்டியிலும்தான் தொடங்குகிறது என்பது பரவலான நம்பிக்கை. நெதர்லாந்தின் பியர் வான் ஹீலே, டீனா வான் ஹீலே தம்பதியர் 1957இல் முன்வைத்த படிநிலைகள் வேறு வரிசையைச் சொல்கின்றன. குழந்தை முதலில் உருவத்தை மொத்தமாகப் பார்த்து அடையாளம் காண்கிறது, பிறகு அதன் பண்புகளைக் கவனிக்கிறது. வரையறையும் நிரூபணமும் அதற்கும் பின்னர்தான். முதல் இரண்டு படிகளுக்கு வேண்டியவை சேலம் செவ்வாய்ப்பேட்டையில் கைக்கெட்டும் தூரத்திலேயே உள்ளன. ஒன்று, இங்குள்ள பட்டறைகளில் உருவாகும் வெள்ளிக் கொலுசு; அதில் ஒரே வேலைப்பாடு சீரான இடைவெளியில் திரும்ப வருவது இடப்பெயர்ச்சிச் சமச்சீர். மற்றது வாசல் கோலம்.

புள்ளிகளைச் சுற்றி இழை வளைந்து செல்லும் சிக்குக் கோலம் என்றாலே ஒரே இழை என்பார்கள். அது எப்போதும் உண்மையல்ல. புள்ளிகளைச் செவ்வகமாக வைத்து, அடுத்தடுத்த இரு புள்ளிகளின் நடுவே இழைகள் தவறாமல் குறுக்கிட, ஓரத்தில் மட்டும் வளைந்து திரும்பும்படி போட்டால், இழைகளின் எண்ணிக்கை இரு பக்கப் புள்ளி எண்களின் மீப்பெரு பொதுக் காரணி ஆகும். 3க்கு 4 ஒரே இழை, 4க்கு 6 இரண்டு, 4க்கு 4 நான்கு. வகுப்பறையில் மனப்பாடமாகும் ஒரு கணக்கை இங்கே விரலால் தொடர்ந்து சென்றே சரிபார்க்கலாம். இதைவிட நல்ல பாடம் அரிது. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் மூவரும் கோலத்தை விதிகளால் உருவாக்கும் இலக்கணம் குறித்து 1974இல் ஆய்வுக் கட்டுரையே வெளியிட்டனர்.

கோலத்தைப் போலப் பூவையும் எண்ணிச் சரிபார்க்கலாம். பூவிதழ்கள் எல்லாம் ஃபிபனாச்சி எண்களில்தான் இருக்கும் என்பதும் மிகை. செம்பருத்திக்கு 5 இதழ், சரி. இட்லிப்பூவுக்கு 4, அது அந்த வரிசையில் இல்லை. அன்னாசிப் பழத்தின் சுருள் வரிசைகளில் 8, 13 பெரும்பாலும் கிடைக்கும். குழந்தையிடம் முடிவைச் சொல்லாமல் எண்ணச் சொல்வதே முறை.

கோலம் போடப் பழகினாலே வடிவியல் வந்துவிடும் என்ற நம்பிக்கையும் உண்டு. கை பழகுவது வேறு, காரணம் கேட்பது வேறு. 7 புள்ளி, 1 வரை நேர்ப்புள்ளியில் மொத்தம் 25 புள்ளிகள். அது ஏன் 25 என்று கேட்க வேண்டும். கோலத்தைச் சாய்வாகப் பார்த்தால் 4க்கு 4 சதுரம் ஒன்றும், அதன் இடைவெளிகளில் 3க்கு 3 சதுரம் ஒன்றும் தெரியும்: 16, 9. 7 புள்ளி, 4 வரை இடைப்புள்ளியில் 37 புள்ளிகள் அறுகோணமாக நிற்கும். புள்ளிகள் சம தூரத்தில் இருந்தால், அந்த அறுகோணத்தை 60 பாகை சுழற்றினாலும் உருவம் மாறாது.