எங்கிருந்து வந்தது? கூலிங் டவரும் கும்பகோணம் டபராவும்

கே: டெல்லியில் இருக்கும் என் மைத்துனர், “கூலர் போதும், ஏ.சி. எதற்கு?” என்று ஓதிக்கொண்டே இருந்தார். நம்பி வாங்கினேன். வீடு குளிரவில்லை, பிசுபிசுக்கிறது. கூலரைக் கண்டுபிடித்தவர் யார்? அவர்மேல் வழக்குப் போடலாமா?
– ஏமாந்தவர், மந்தைவெளி

ப: மைத்துனர்மேல் போடுங்கள், நான் சாட்சி சொல்ல வருகிறேன். நானும் அந்தக் குழியில் விழுந்தவன்தான். ஒரு கடைக்காரர், “சார், ஏ.சி. மாதிரியே இருக்கும்” என்று சத்தியம் செய்து என் தலையில் ஒன்றைக் கட்டினார். மூன்றாம் நாள் அப்பளம் நமத்தது. ஐந்தாம் நாள் பாத்ரூம் கதவு ஊறிப் பருத்து, சாத்த முடியாமல் போனது. உள்ளே போகிறவர்கள் சத்தமாகப் பாட வேண்டும் என்று வீட்டில் சட்டமே போட்டோம். எங்கள் வீட்டில் யாருக்கும் பாட வராது.

விஷயம் இதுதான். 30 டிகிரியில் இருக்கும் ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுபோக அடுப்பு எவ்வளவு வெப்பம் தருகிறதோ, அதைப்போல் எட்டு மடங்கு வேண்டும், அதே ஒரு லிட்டர் ஆவியாகிப் போக. கூலரில் அந்தச் செலவைக் கொடுப்பது காற்று. கொடுத்துக் கொடுத்துக் குளிர்ந்துபோகிறது. ஆனால் காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால், தண்ணீர் எங்கே போய் ஏறும்? சாயங்காலம் ஆறு மணிக்கு மாம்பலத்தில் தாம்பரம் லோக்கலில் ஏறுகிற கதைதான்.

தெர்மாமீட்டரின் குமிழில் ஈரத்துணி சுற்றி விசிறினால் பாதரசம் ஓர் இடம்வரை இறங்கி நின்றுவிடும். அதற்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். கூலர் தலைகீழாக நின்றாலும் அதற்குக் கீழே போகாது. மே மாத டெல்லியில் 42 டிகிரி, ஈரப்பதம் 15 சதவீதம் என்றால் ஈரக்குமிழ் 22. அந்த இருபது டிகிரி இடைவெளியில் நல்ல கூலர் எண்பது சதவீதம் இறங்கும். மைத்துனருக்கு 26 டிகிரியில் காற்று. சென்னையில் 36 டிகிரி, ஈரப்பதம் 65 என்றால் ஈரக்குமிழே 30. உங்களுக்கு 31 டிகிரியில் காற்று, கூடவே நமத்த அப்பளம்.

யார் கண்டுபிடித்தார் என்று கேட்டீர்கள். அமெரிக்காவில் அரிசோனா பக்கம் 1930-களில் மரச்சீவலை நனைத்து, பின்னால் ஒரு ஃபேனை வைத்துப் பெட்டியாக்கினார்கள். அதற்கு நூறு வருடம் முன்பே வட இந்தியாவில் வெள்ளைக்காரத் துரைமார்கள் வாசலில் வெட்டிவேர்த் தட்டி கட்டி, அதில் தண்ணீர் ஊற்றுவதற்கென்றே ஓர் ஆளைச் சம்பளத்துக்கு வைத்திருந்தார்கள். அந்த ஆளுக்குப் பதில் இன்று சின்ன மோட்டார் பம்பு. வெட்டிவேரின் வாசனையைத்தான் வழியில் எங்கோ தொலைத்துவிட்டோம்.

கே: ஏ.சி.யைக் கண்டுபிடித்தவர் கேரியர்; வெயிலில் வாடும் மக்களைப் பார்த்து மனம் இரங்கிக் கண்டுபிடித்தார் என்று என் மகளின் பள்ளி ஆண்டுவிழாவில் பேசினார்கள். உண்மையா?
– ஓர் அப்பா, திருச்சி

ப: மனிதர்களுக்காக இரங்கியவர் வேறொருவர். ஃப்ளோரிடாவில் ஜான் கோரி என்ற டாக்டர் காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிர்விக்க ஆசைப்பட்டு, ஐஸ் செய்யும் மெஷினுக்கு 1851-ல் காப்புரிமை வாங்கினார். கேலிதான் மிஞ்சியது. நான்கு வருடத்தில் போய்ச் சேர்ந்தார்.

வில்லிஸ் கேரியர் இரங்கியது காகிதத்துக்கு. வருடம் 1902. நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகம், சாக்கெட் அண்ட் வில்ஹெல்ம்ஸ். அங்கே அச்சானவற்றில் ‘ஜட்ஜ்’ என்ற நகைச்சுவைப் பத்திரிகையும் ஒன்று. (ஏ.சி. பிறந்ததில் ஜோக் பத்திரிகைக்கும் பங்கு உண்டு என்பதை எங்கள் ஆசிரியர் கவனிக்க. என் அறையில் இன்னும் ஃபேன்தான்.) கலர் அச்சு என்றால் ஒரே தாள் ஒவ்வொரு கலருக்கும் ஒரு தடவை மெஷினுக்குள் போய்வர வேண்டும். கோடைப் புழுக்கத்தில் தாள் ஈரத்தைக் குடித்து மயிரிழை அளவு பருக்கும். அடுத்த நாள் காய்ந்து சுருங்கும். மஞ்சள் ஓரிடம், சிவப்பு ஓரிடம். பழைய காலண்டர்களில் முருகனின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்கு இடம் பெயர்ந்திருக்குமே, அதே வியாதி. 25 வயது என்ஜினீயர் கேரியர் அந்த அச்சகத்துக்காகக் காற்றிலிருந்து ஈரத்தை எடுத்தார். குளிர்ச்சி கூடவே வந்த இலவச இணைப்பு.

பிறகு அவர் செய்ததுதான் எனக்குப் பிடித்தது. காற்றைக் காயவைக்க அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சினார்! பைத்தியக்காரத்தனம்போல் தோன்றும். ஐஸ் தண்ணீர் ஊற்றிய பித்தளைச் சொம்பைப் பாருங்கள். வெளிப்புறம் முத்து முத்தாக வியர்க்கும். காற்றில் இருந்த ஈரம் குளிர்ந்த உலோகத்தில் வந்து ஒட்டிக்கொண்டதுதான் அது. கேரியருக்கு ஒவ்வொரு குளிர்ந்த நீர்த்துளியும் ஒரு சொம்பு. அதற்கு அவர் பெற்ற காப்புரிமையின் வருடம் 1906. பிட்ஸ்பர்க் ரயில்வே பிளாட்பாரத்தில் பனிமூட்டத்தைப் பார்த்துக்கொண்டு நின்றபோது இந்த யோசனை உதித்ததாக ஒரு கதை உண்டு. நியூட்டனுக்கு ஆப்பிள் மாதிரி எல்லாக் கண்டுபிடிப்பாளருக்கும் ஒன்றை ஒட்டிவிடுவார்கள். நான் பாதிதான் நம்புகிறேன்.

‘ஏர் கண்டிஷனிங்’ என்ற பெயரை வைத்தவர் அவர் இல்லை. நூல் மில்களுக்கு வேலை செய்த ஸ்டூவர்ட் கிராமர், அதே 1906-ல் வைத்தார். அவருக்குப் பிரச்சினை நேர்மாறு. காற்று காய்ந்தால் நூல் அறுந்துபோகும். ஈரம் சேர்க்க வேண்டும். கோயமுத்தூர் மில்களில் இன்றைக்கும் ஹ்யூமிடிஃபிகேஷன் பிளான்ட் ஓடுவது அதற்குத்தான். அச்சகம் சிவகாசியில் இருந்திருந்தால் கேரியருக்கு வேலையே இருந்திருக்காது. காய்ந்த காற்றுக்குப் பேர்போன ஊர் அது.

கே: 1.5 டன் ஏ.சி. என்று பில் போட்டார்கள். இரண்டே பேர் தூக்கிக்கொண்டு வந்தார்கள். மீதி எப்போது வரும்?
– தராசு, தாராபுரம்

ப: வராது. அந்த டன் ஐஸின் டன். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது எவ்வளவு வெப்பத்தை இழுத்துக்கொள்ளுமோ, அதுதான் ஏ.சி.யின் ஒரு டன். அமெரிக்க டன் என்பதால் 907 கிலோ. உங்கள் மெஷின் முழு மூச்சாக ஓடினால், தினம் 1,360 கிலோ ஐஸ் கட்டியைக் கூடத்தில் இறக்கியதற்குச் சமம். அந்த மேனிக்கு மாடிப்படியில் தூக்கி வந்திருந்தால் கூலி என்ன ஆகியிருக்கும், யோசியுங்கள்.

ஒரு காலத்தில் நிஜமாகவே இறக்கினார்கள். பாஸ்டன் வியாபாரி ஃபிரெடரிக் டியூடர், அமெரிக்க ஏரிகளில் உறைந்த ஐஸை அறுத்து, மரத்தூளில் பொதிந்து, கப்பலேற்றி 1833-ல் கல்கத்தாவுக்கு அனுப்பினார். சென்னைக் கடற்கரையில் அதற்காகவே 1842-ல் கட்டிய கிடங்குதான் ஐஸ் ஹவுஸ். 1897-ல் விவேகானந்தர் தங்கியதால் இன்று அது விவேகானந்தர் இல்லம். பஸ் கண்டக்டருக்கு மட்டும் இன்னும் ஐஸ் ஹவுஸ்தான்.

கே: நெய்வேலி பக்கம் போகும்போது உடுக்கை மாதிரி பெரிய பெரிய கோபுரங்கள் வெள்ளைப் புகை விடுகின்றன. என்ன எரிக்கிறார்கள்? ஏன் அந்த இடுப்பு?
– ஜன்னலோர சீட், விருத்தாசலம்

ப: அங்கே எதையும் எரிப்பதில்லை. எரிக்கிற புகை போவது பக்கத்தில் ஒல்லியாக நிற்கிற புகைபோக்கி வழியாக. அதை யாரும் போட்டோ எடுப்பதில்லை. உடுக்கைக்குள் நடப்பது காபி ஆற்றுதல்.

(“எதைக் கேட்டாலும் காபியில் கொண்டுபோய் முடிக்கிறீர்கள்” என்று போன மாதம் மூன்று கடிதம் வந்தது. நான் என்ன செய்வேன், உலகம் அப்படி இருக்கிறது.)

டர்பைனைச் சுற்றிவிட்டு வரும் நீராவியை மறுபடி தண்ணீராக்கக் குளிர்ந்த தண்ணீர் வேண்டும். அந்த வேலையில் அது சூடாகிவிடும். சூடான தண்ணீரைக் கோபுரத்துக்குள் ஏற்றி, அடுக்கடுக்கான தட்டிகள்மேல் தூவி ஒழுகவிடுகிறார்கள். கீழிருந்து காற்று தானாக மேலே போகிறது. கொஞ்சம் தண்ணீர் ஆவியாகிறது, மிச்சம் ஆறுகிறது. மேலே தெரியும் வெள்ளை, அந்த ஆவி வெளிக்காற்றில் பட்டுத் திரும்பவும் துளியானது. டம்ளரிலிருந்து டபராவுக்குக் காபி முழ நீளத்துக்கு இறங்கும்போது நடப்பதும் இதுவே. நீட்டி ஊற்றினால் காற்றுபடும் பரப்பு கூடும். டபரா வாயை அகலமாகப் படைத்த கும்பகோணத்துப் புண்ணியவானுக்கு எந்த என்ஜினீயரிங் காலேஜும் சிலை வைக்கவில்லை.

இடுப்பு விஷயம். காற்றை வேகமாக இழுக்கத்தான் அந்த வடிவம் என்று பலர் எழுதுகிறார்கள். அதைவிடப் பெரிய காரணம் சிக்கனம். பிரம்பு மோடாவைக் கவனித்திருக்கிறீர்களா? ஒவ்வொரு பிரம்பும் நேர்க்குச்சிதான். சாய்த்துச் சாய்த்துக் கட்டியதும் இடுப்பு தானாக வந்துவிடும், மேலே யார் உட்கார்ந்தாலும் தாங்கும். மெல்லிய கான்கிரீட் ஓட்டை அவ்வளவு உயரம் நிறுத்த இதே தந்திரம்தான். நெதர்லாந்தில் ஹேர்லன் அருகே ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்காக 1918-ல் ஃபான் இடர்சன் கட்டியது முன்னோடி. ராஜஸ்தானில் காலிசிந்து மின்நிலையத்தின் கோபுரங்கள் 202 மீட்டர். தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று வைத்த உயரம்.

மோடாவும் சரிந்ததுண்டு. 1965 நவம்பர் 1 அன்று இங்கிலாந்தில் ஃபெர்ரிபிரிட்ஜில் எட்டுக் கோபுரங்களில் மூன்று காற்றில் விழுந்தன. ஒரு நிமிடத்துக்குச் சராசரி பார்த்துக் காற்றின் வேகத்தைக் கணக்கிட்டிருந்தார்கள். காற்றோ நொடியில் அறைந்தது. போதாக்குறைக்கு, முன்வரிசைக் கோபுரங்களின் சந்துக்குள் புகுந்து வேகம் கூடிப் பின்வரிசையைத் தாக்கியது, விழுந்தவை பின்வரிசைக்காரர்களே.

கே: ஹீட் எக்ஸ்சேஞ்சர் என்றால் என்ன? எங்கிருந்து வந்தது?
– பாலிடெக்னிக் மாணவர், ஈரோடு

ப: பரீட்சைக்கு என்றால் உங்கள் வாத்தியாரைக் கேளுங்கள். எனக்குப் பிடித்த ஒன்றைச் சொல்கிறேன். லண்டனில் ரிச்சர்ட் செலிக்மன், 1923. பாலை 72 டிகிரிக்குச் சூடாக்கி, 15 விநாடி வைத்திருந்து, உடனே குளிர்விக்க வேண்டும். குழாய்க்குள் அதைச் செய்தால் உள்ளே ஆடை படியும், கழுவ முடியாது. செலிக்மன் நெளிவுள்ள உலோகத் தகடுகளை அப்பளக்கட்டு மாதிரி அடுக்கினார். ஓர் இடுக்கில் சூடான பால், அடுத்ததில் குளிர்ந்த பால், எதிரெதிர்த் திசையில். பிரித்துக் கழுவலாம், திரும்ப அடுக்கலாம். உள்ளே வருகிற குளிர்ந்த பாலுக்கு வேண்டிய சூட்டில் பெரும்பகுதியை, வெளியே போகிற சூடான பாலே கொடுத்துவிடும். சம்பந்தி வீட்டுச் சீர் வரிசை இந்தப் பக்கம் வந்து அந்தப் பக்கம் போகிற மாதிரி.

எதிரெதிர்த் திசைதான் உயிர்நாடி. பனித்தண்ணீரில் நிற்கும் வாத்தின் காலிலும் இதே ஏற்பாடு. இறங்கும் ரத்தம், ஏறும் ரத்தத்துக்குச் சூட்டைக் கொடுத்துவிட்டுப் பாதத்துக்குப் போகிறது. வாத்து காப்புரிமை கேட்கவில்லை.

கே: ஜிலேபியின் பூர்வீகம் கேட்டு ஆறு மாதம் ஆகிறது. பதில் உண்டா, இல்லையா?
– இன்னமும் காத்திருப்பவர், கடலூர்

ப: கடலூரா? உங்கள் பக்கம் வெட்டிவேர் நன்றாக விளையும். ஒரு கட்டு அனுப்புங்கள், ஜிலேபிக்கு வருகிறேன்.

கே: போன வருடம் ஜில்லென்று இருந்த மண்பானைத் தண்ணீர் இந்த வருடம் வெதுவெதுப்பாக இருக்கிறது. மண்ணின் குளிர்ச்சி தீர்ந்துவிட்டதா?
– ஒரு பாட்டி, அருப்புக்கோட்டை

ப: மண்ணுக்கென்று தனிக் குளிர்ச்சி கிடையாது பாட்டி, இருந்தால்தானே தீரும். பானையின் கண்ணுக்குத் தெரியாத துளைகள் வழியாகத் தண்ணீர் கசிந்து வெளியே ஆவியாகிறது. அந்த ஆவி உள்ளே இருக்கும் தண்ணீரிடம் சூட்டை வாங்கிக்கொண்டு போகிறது. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உங்கள் பானையின் துளைகள் அடைத்துக்கொண்டன. வெளியே வெள்ளை வெள்ளையாகப் பூத்திருக்கும், தடவிப் பாருங்கள். அதில் துளசி நட்டுவிட்டுப் புதுசு வாங்குங்கள். அடியில் ஈர மணல் பரப்பி, காற்றோட்டமான மூலையில் வையுங்கள். கடைக்காரர் பளபளவென்று வார்னிஷ் அடித்த பானையைக் காட்டினால் மட்டும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.