காற்றைக் கற்றல்

நுழையும்முன்

ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் நீண்ட கடற்கரையை உடையது தமிழ்நாடு. ஆயினும், அலையில் கால் நனைப்பதோடு நம்மில் பெரும்பாலோர் கரைக்குத் திரும்பிவிடுகிறோம். கட்டுமரம் என்னும் சொல்லை ஆங்கிலத்திற்குத் தந்த நிலத்தில், பாய் விரித்துக் காற்றின் துணையால் செல்லும் கலை இன்று மீனவர் சிலரிடத்தும் விளையாட்டு வீரர் சிலரிடத்தும் மட்டுமே எஞ்சியுள்ளது. அக்கலையைப் புதிதாகக் கற்க வரும் ஒருவர் எவற்றையெல்லாம் எதிர்கொள்கிறார் என்பதை இப்பாடம் விளக்குகிறது.

கரையில் தொடங்கும் கல்வி

பாய்மரப் படகுப் பயிற்சிக்கு வரும் மாணவர், வந்தவுடன் படகில் ஏறிவிடலாம் என்றே எண்ணுவார். ஆனால், முதற்பாடம் தரையில்தான் தொடங்குகிறது. நீரில் அஞ்சாமல் மிதக்கவும் சிறிது தொலைவு நீந்தவும் தெரிகிறதா என்று பயிற்றுநர் முதலில் சோதிக்கிறார். பிறகு உயிர்காப்பு மேலுடையை இறுக அணியும் முறையைக் கற்பிக்கிறார். நீச்சலில் வல்லவரும் அதனை அணிந்தே ஆகவேண்டும். அடுத்து முடிச்சுகள். கயிற்றின் முனை துளை வழியே நழுவிவிடாமல் தடுக்கும் எட்டு வடிவ முடிச்சினை, கண்ணை மூடிக்கொண்டும் போடும் அளவுக்குப் பழகவேண்டும்.

படகின் உறுப்புகளுள் பல நமக்குப் புதியன அல்ல. பாய், பாய்மரம், சுக்கான் ஆகியன பழந்தமிழர் கப்பற்கலையில் நாம் முன்பே அறிந்தவை. பாயை ஏற்றும் கயிற்றை ஆஞ்சான் என்றும், ஏற்றிய பாயை இழுக்கவும் தளர்த்தவும் உதவும் கயிற்றைத் தாமான் என்றும் கடலோர மக்கள் வழங்குவர். பாயின் அடிப்பகுதியைத் தாங்கும் கிடைமரத்திடம் மட்டும் மாணவர் விழிப்பாக இருத்தல் வேண்டும். படகு திரும்பும்போது அது ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்திற்கு வீசும். தலை குனியாதவரைத் தாக்கும்.

குழந்தைகள் பயிலும் படகின் பெயர் ஆப்டிமிஸ்ட். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் கிளார்க் மில்ஸ் என்பார் 1947ஆம் ஆண்டு இதனை வடிவமைத்தார். குறைந்த செலவில், ஒட்டுப்பலகையைக் கொண்டு வீட்டிலேயே செய்துகொள்ளத்தக்க படகு வேண்டும் என்பதே அவர்தம் நோக்கம். முன்முனை கூராக இல்லாமல் பெட்டிபோல் மொண்ணையாக இருப்பதால் பார்ப்பதற்கு இது அழகான படகு அன்று. ஆயினும் 2.3 மீட்டர் நீளமும் 35 கிலோகிராம் எடையும் கொண்ட இச்சிறு பெட்டியில் தொடங்கியே ஒலிம்பிக் வரை சென்றவர்கள் பலர்.

கவிழக் கற்றல்

பயிற்சியின் தொடக்க நாள்களிலேயே மாணவரிடம் படகைக் கவிழ்க்கச் சொல்கின்றனர். புதியவருக்கு இது வியப்பளிக்கும். காரணம் எளியது. கவிழ்ந்துவிடுமோ என்னும் அச்சத்தோடு அமர்ந்திருப்பவரால் காற்றைக் கவனிக்க இயலாது. அமைதியான நீரில், மீட்புப் படகு அருகில் நிற்க, தாமாகவே ஒருமுறை கவிழ்த்து நிமிர்த்தியவருக்கு அவ்வச்சம் பாதியாகக் குறைந்துவிடுகிறது.

கவிழ்ந்த படகை விட்டு நீங்கலாகாது என்பது இங்கு முதன்மையான விதி. கரை எவ்வளவு அருகில் தோன்றினாலும் அதை நோக்கி நீந்தக் கூடாது. படகு மிதக்கும், அதனைப் பற்றியிருப்பவரும் மிதப்பார். தொலைவில் உள்ள மீட்பவர் கண்ணுக்குத் தனித் தலையைவிடப் படகே எளிதில் புலப்படும். பக்கவாட்டில் சாய்ந்து கிடக்கும் படகின் அடிப்புறமாக மாணவர் நீந்திச் செல்லவேண்டும். அங்கே, படகின் நடுவில் செருகப்பட்ட பலகை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதனைப் பற்றித் தம் எடை முழுவதையும் அதன்மேல் செலுத்தினால், நீரில் படிந்திருந்த பாய் மெல்ல மேலெழும், படகு நிமிரும். பின்னர் ஏறி அமர்ந்து, உள்ளே புகுந்த நீரைக் குவளையால் முகந்து வெளியேற்றவேண்டும். முதன்முறை இதற்கு நெடுநேரம் ஆகும். உப்புநீர் கண்ணிலும் மூக்கிலும் புகும். சிலர் அழுவதும் உண்டு. அதில் இழுக்கு ஒன்றும் இல்லை.

பிடியைத் தளர்த்துதல்

பாய்மரப் படகிற்கு நிறுத்துகட்டை கிடையாது. திடீரெனக் காற்று வலுத்துப் படகு சாயும்போது, கையிலுள்ள தாமானை இறுகப் பற்றிக்கொள்வதே மனித இயல்பு. அதுவே படகைக் கவிழ்க்கிறது. தாமானைத் தளர்த்தினால் பாயிலிருந்து காற்று வழிந்துவிடும். படகு நேராகி நின்றுவிடும். அஞ்சும் நேரத்தில் பிடியைத் தளர்த்தக் கைக்குக் கற்பிப்பதே இப்பயிற்சியின் கடினமான பகுதி எனலாம். சுக்கான் பிடியிலும் இத்தகைய முரண் உண்டு. பிடியை இடப்பக்கம் தள்ளினால் படகு வலப்பக்கம் திரும்பும். மிதிவண்டி ஓட்டிப் பழகிய கைகள் இதனை ஏற்க ஓரிரு நாள்கள் ஆகின்றன.

காற்றெதிர்த்துச் செல்லுதல்

காற்று தள்ளும் திசையில் பாய்மரப் படகு செல்வதில் வியப்பில்லை. சருகும் அவ்வாறே செல்கிறது. காற்று வரும் திசையை நோக்கி அது எங்ஙனம் முன்னேறுகிறது?

காற்றால் புடைத்த பாய் பறவையின் சிறகைப் போன்றது. புடைத்த பக்கத்தில் காற்றழுத்தம் குறைகிறது. எனவே பாய் அப்பக்கமாக இழுக்கப்படுகிறது. இவ்விசை படகைப் பெரும்பாலும் பக்கவாட்டிலும் சிறிதளவு முன்னோக்கியும் செலுத்த முயல்கிறது. நடுவில் செருகிய பலகை நீருக்குள் சுவர்போல் நின்று பக்கவாட்டு நகர்வைத் தடுக்கிறது. எஞ்சிய விசை படகை முன்னே செலுத்துகிறது. ஈரமான தர்ப்பூசணி விதையை இரு விரல்களுக்கிடையே வைத்து அழுத்தினால் அது முன்னோக்கித் தெறிக்கும். காற்றும் நீரும் அவ்விரு விரல்கள், படகு அவ்விதை.

ஆயினும் ஓர் எல்லை உண்டு. காற்று வரும் திசைக்கு இருபுறமும் ஏறத்தாழ 45 பாகைக்குள் பாய் படபடக்குமேயன்றி இழுக்காது. ஆகவே, நேரெதிரே உள்ள இலக்கை அடைய, முதலில் ஒரு பக்கமாகவும் பின்னர் மறுபக்கமாகவும் வளைந்து வளைந்து செல்லவேண்டும். மலைப்பாதை கொண்டை ஊசி வளைவுகளால் உயரத்தை எட்டுவது போன்றது இது. திரும்பும்போது வேகம் போதாவிடில் படகு காற்றை எதிர்நோக்கியபடி நடுவழியில் நின்றுவிடும். புதியவர் ஒவ்வொருவரும் அவ்வாறு சிக்கிக்கொள்வர். அப்போது பாயைக் கையால் வெளிப்புறம் தள்ளிப்பிடித்துப் படகைப் பின்னோக்கி நகரவிட்டு மீளவேண்டும்.

காற்று கண்ணுக்குத் தெரிவதில்லை. கன்னத்தில் படும் உணர்வு, கொடியின் அசைவு, புகையின் சாய்வு ஆகியவற்றால் அதனை அறிகின்றனர். நீர்ப்பரப்பில் கருமையான திட்டு ஒன்று நெருங்கி வந்தால், வலுத்த வீச்சு வருகிறது என்று பொருள். வாடை, தென்றல், கோடை, கொண்டல் எனத் திசைக்கொரு பெயரிட்ட நம் முன்னோரும் இத்தகைய கூர்ந்த நோக்கினாலேயே காற்றை அறிந்திருத்தல் வேண்டும்.

சென்னையிலிருந்து ஒலிம்பிக்கிற்கு

சென்னையில் இவ்விளையாட்டிற்கு நெடிய மரபு உண்டு. ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911ஆம் ஆண்டு தோற்றுவிக்கப்பட்டது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்களுக்குள் பேரலை புகுவதில்லை. காற்று மட்டும் தடையின்றி வீசும். எனவே புதியவர் பயில அந்நீர்ப்பரப்பு ஏற்றதாக அமைந்தது. கோடையில் நண்பகலை ஒட்டிக் கடற்காற்று எழும்போது பாய்கள் உயிர்பெறுகின்றன.

தமிழ்நாடு பாய்மரப் படகுச் சங்கம் நடத்திய கோடைக்காலப் பயிற்சி முகாமிற்குச் சிறுமியாகச் சென்றவர் நேத்ரா குமணன். ஒருவர் மட்டுமே செலுத்தும் லேசர் ரேடியல் வகைப் படகில் தேர்ந்த இவர், 2020ஆம் ஆண்டு மயாமியில் நடைபெற்ற உலகக்கோப்பைப் போட்டியில் வெண்கலம் வென்றார். 2021ஆம் ஆண்டு ஓமன் நாட்டின் முசன்னாவில் நடைபெற்ற தகுதிப் போட்டியின் வாயிலாக, பாய்மரப் படகுப் பிரிவில் ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண் என்னும் சிறப்பை அடைந்தார். டோக்கியோவில் அவர் பெற்ற இடம் 35. மூன்று ஆண்டுகள் கழித்துப் பாரிசில் 21. பதக்கப் பட்டியலை மட்டும் நோக்குவோர்க்கு இவ்வெண்கள் சிறியனவாகத் தோன்றலாம். இரண்டிற்கும் இடைப்பட்ட பதினான்கு படிகள் எளியன அல்ல. டோக்கியோவிற்குச் சென்ற கணபதி, வருண் தக்கர் இணையரும் சென்னையைச் சேர்ந்தவர்களே.

ஒன்றை இங்குச் சொல்லாமல் விடுவதற்கில்லை. படகு, பாய், மீட்புப் படகு என இதற்காகும் செலவு மிகுதி. காற்றை மூச்சுப்போல் அறிந்த மீனவர் வீட்டுப் பிள்ளைகளுள் எத்தனை பேர் இப்பயிற்சிக் களத்தை எட்டுகின்றனர்? ஐதராபாத்தின் உசேன் சாகர் ஏரியில், வசதி குறைந்த குடும்பத்துச் சிறார்க்குப் படகும் பயிற்சியும் அளித்துத் தேசியப் போட்டிகளுக்கு அனுப்பி வருகின்றனர். நம் கடலோர ஊர்களிலும் அது கைகூடாததன்று.

கற்பவை கற்றபின்…

1. உங்கள் ஊரில் ஒரு வாரம் காலை, நண்பகல், மாலை வேளைகளில் காற்று வீசும் திசையைக் குறித்து, அதற்குப் பெரியோர் வழங்கும் பெயர்களையும் திரட்டுக.

2. ‘அஞ்சும் நேரத்தில் பிடியைத் தளர்த்துதல்’ – இத்தொடரைப் படகுப் பயிற்சியின் வழிநின்று விளக்கி ஒரு பத்தி எழுதுக.