காவல் நாய்க்குப் பச்சை மீன் போடலாமா?

காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலும், திருவொற்றியூர், எண்ணூர் கரையோரங்களிலும் கழிக்கப்படும் பொடி மீனும் மீன் குடலும் நாய்க்கு மலிவான தீனி. மீஞ்சூர், பொன்னேரிப் பக்கம் களத்துக்கும் மாட்டுக் கொட்டகைக்கும் காவல் நாய் வளர்க்கும் விவசாயிகள் இதைத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஆனால் பச்சையாகப் போடக்கூடாது.

மீனில் நல்ல புரதம் உண்டு. அதே சமயம் மத்தி, நெத்திலி போன்ற சில மீன்களிலும், முக்கியமாக அவற்றின் குடலிலும் 'தயமினேஸ்' என்ற ஒரு நொதி இருக்கிறது. பி-1 என்னும் உயிர்ச்சத்தை இது சிதைத்துவிடும். மூளை வேலை செய்யச் சக்தி கொடுப்பதில் பி-1 சத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1930-களில் அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்தில் பச்சை மீன் தின்ற பண்ணை நரிகள் கால் தள்ளாடி, வலிப்பு கண்டு மடிந்தன. பண்ணைக்காரர் பெயரால் அந்நோய்க்குச் 'சாஸ்டெக் வாதம்' என்றே பெயர் வந்தது. நாயும் நரியும் ஒரே குடும்பம் அல்லவா?

ஐஸில் வைத்த மீனிலும் இந்த நொதி அழியாது. நன்றாகக் கொதித்தால்தான் அழியும். ஆகவே மீனைக் கொதிக்கவிட்டு, பெரிய முட்களை எடுத்துவிட்டுக் கொடுங்கள். மிஞ்சிய மீன் குழம்பு வேண்டாம். வெங்காயம் நாயின் இரத்தத்தைக் கெடுக்கும்.

நன்றாகத் தீட்டிய அரிசிச் சோறும் மீனும் மட்டுமே தின்னும் நாய்க்கு ஆபத்து அதிகம். தீட்டும்போது பி-1 தவிட்டோடு போகிறது. மிச்சத்தில் ஒரு பங்கு வடிகஞ்சியோடு போகிறது. கஞ்சி மாட்டுக்கு, வெறுஞ்சோறு நாய்க்கு என்பதே நம் வீட்டு வழக்கம். மாடோ தன் இரைப்பையிலுள்ள நுண்ணுயிர்களால் இந்தச் சத்தைத் தானே பெற்றுக்கொள்ளும். நாயால் அது முடியாது. கஞ்சியில் ஒரு குவளை நாய்க்கும் ஊற்றுங்கள். புழுங்கலரிசிச் சோறு, கேழ்வரகுக் கூழ், வேகவைத்த பருப்பு ஆகியவையும் நல்லவை.

பகல் முழுதும் கட்டிப் போட்ட நாய் நல்ல காவல் நாய் ஆகாது. அது பயத்தால் குரைக்கும், வீட்டுக் குழந்தையையே கடிக்கும். காலை மாலை அவிழ்த்து நடத்திச் செல்லுங்கள். குட்டிக்கு 3 வாரம் முதல் 3 மாதம் வரை மனிதர்களிடமும் மாடுகளிடமும் பழக விட்டால் வளர்ந்தபின் மிரளாது. தொழிற்சாலைப் பகுதியில் வீசிக் கிடக்கும் பழைய பேட்டரி, உரிந்த பெயின்ட் இவற்றை நக்க விடக்கூடாது. அவற்றிலுள்ள ஈயமும் மூளையைத் தாக்கும்.

தீனி எடுக்காமை, வாந்தி, பின்னங்கால் தள்ளாட்டம், கண்பாவை விரிதல், வலிப்பு ஆகியவை பி-1 குறைவின் அறிகுறிகள். ஆரம்பத்திலேயே ஊசி போட்டால் நாய் பெரும்பாலும் பிழைத்துவிடும். ஆனால் வெறிநோயிலும் தள்ளாட்டமும் வலிப்பும் வரும். ஆகவே வாயில் கை விட்டுப் பார்க்காமல், குழந்தைகளை விலக்கிவிட்டு, அருகிலுள்ள அரசு கால்நடை மருந்தகத்துக்கோ, வேப்பேரியிலுள்ள சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ தெரிவியுங்கள். என்ன தீனி போட்டீர்கள், கடைசியாக வெறிநோய்த் தடுப்பூசி எப்போது போட்டீர்கள் என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.